நிலையின் இடது கால்

உட்காருங்கள் சார். அந்த ஸ்டூல் ஆடாது, பயப்பட வேண்டாம். கையில் என்ன, தாளா? கேள்விகளை எழுதியே கொண்டுவந்துவிட்டீர்களா? நல்லது. வீடு கட்டுகிறவர்களில் பாதிப்பேர் எல்லாம் முடிந்து பால் காய்ச்சிய பிறகுதான் கேள்வி கேட்க வருகிறார்கள்.

அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் என் பட்டறைக்கு வழி கேட்டிருப்பீர்கள். "எந்த ஆசாரி, நட்ட நிலையைப் பேத்து எடுத்தாரே, அவரா?" என்று அவன் கேட்டிருப்பான். சிரித்திருப்பான். நீங்களும் மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்திருப்பீர்கள். பரவாயில்லை. அந்த ஆசாரிதான் நான். கோமதிநாயகம். கரிவலம்வந்தநல்லூரில் பால்வண்ணம் வீட்டு வாசல் கதவு நிலையை நான்தான் வைத்தேன், நான்தான் பட்டப்பகலில் தெருவே பார்க்கப் பிடுங்கினேன். தான் வைத்த நிலையைத் தன் கையாலேயே எடுத்த இன்னொரு ஆசாரியை இந்தச் சங்கரன்கோவில் வட்டாரத்தில் காட்டுங்கள் பார்க்கலாம். காட்ட முடியாது. மற்றவர்களுக்கு அந்தத் தைரியம் கிடையாது.

சரி, படியுங்கள்.

என்ன மரம் போடலாம். எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். வேம்பு போடலாம், கோங்கு போடலாம், வேங்கை போடலாம், தேக்கு போடலாம். மரத்தின் பெயரில் ஒன்றும் இல்லை சார். காய்ந்ததா என்று கேட்க வேண்டும். பச்சை மரம் தேக்காக இருந்தாலும் கோணிக்கொள்ளும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். காய்ந்த மரம் கணீரென்று பேசும், பச்சை மரம் ஈரத் துணியைத் தட்டினது மாதிரி இருக்கும். அப்புறம் வைரம் எவ்வளவு, வெள்ளை எவ்வளவு என்று பாருங்கள். நடுமரத்துக் கருப்புதான் வைரம். ஓரத்து வெள்ளையில் பூச்சி ஏறும்.

அதற்கு அடுத்தது உங்கள் தாளில் இருக்காது. வெளியூர்க்காரர்கள் யாரும் எழுதுவதில்லை. அடி எது, நுனி எது. மரம் பூமியில் எப்படி நின்றதோ அப்படியேதான் நிலையிலும் நிற்க வேண்டும். வேர்ப்பக்கம் கீழே, கிளைப்பக்கம் மேலே. நிலைக்கு இரண்டு கால் உண்டல்லவா, வலது இடது, இரண்டும் அப்படித்தான். மாற்றி வைத்தால் அந்த வீட்டில் எல்லாமே தலைகீழாகப் போகும் என்பார்கள். எங்கள் ஆட்களில் ஒருவனைக் கேவலமாகத் திட்ட வேண்டுமென்றால் அவன் குடும்பத்தை இழுக்க வேண்டாம். அடி நுனி தெரியாதவன் என்றால் போதும், அன்றைக்கு அடிதடி.

பால்வண்ணம் விவகாரம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதைச் சொல்லாமல் உங்கள் அடுத்த கேள்விக்குப் போக முடியாது.

என் தம்பி பெயர் சங்கரலிங்கம். என்னைவிட ஆறு வயது இளையவன். இருபது வருஷம் ஒரே பட்டறையில் வேலை செய்தோம். மரம் எடுக்கச் செங்கோட்டைக்குப் போவது அவன். மரவாடியில் நின்று தடியைப் புரட்டிப் பார்த்து, வாளில் ஏற்றும்போதே அடி நுனி தெரிந்துகொண்டு, இங்கே கொண்டுவந்து அடிப்பக்கம் எல்லாம் கிழக்கே இருக்கும்படி அடுக்கிவைப்பான். நான் அதை எடுத்து அளந்து, இழைத்து, துளை போட்டு, கழுந்து சீவி நிலையாக்குவேன். வேலை என்றால் என் வேலைதான் வேலை. மரத்தைப் புரட்டிப் பார்ப்பதும் அடுக்குவதும் யாரும் செய்யலாம். அதனால்தான் அதை அவனிடம் விட்டிருந்தேன்.

அவன் பிரிந்து போனதற்குக் காரணம் நானில்லை. அதையும் டீக்கடைக்காரன் வேறு மாதிரி சொல்லியிருப்பான்.

நிலை வைக்கிற அன்றைக்கு வீட்டுக்காரர் ஆசாரிக்கு மரியாதை செய்வார். புது வேட்டி, துண்டு, தேங்காய், பழம், வெற்றிலை. அது மூத்த ஆசாரிக்கு மட்டும். இருபது வருஷமாக நான்தான் வாங்கிக்கொண்டிருந்தேன், தம்பி பின்னால் நேர் பார்க்கிற தூக்குக்குண்டைப் பிடித்துக்கொண்டு நிற்பான். புளியங்குடியில் ஒரு வீடு. வீட்டுக்காரப் பையன் துபாயிலிருந்து வந்தவன், முறை தெரியாது. தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நேராகத் தம்பி கையில் கொடுத்துவிட்டான். துண்டையும் அவன் தோளில் போட்டுவிட்டான். நான் ஒன்றுமே சொல்லவில்லை சார். கோபப்படவில்லை, சத்தம் போடவில்லை. "அதை இங்கே கொண்டா" என்று மட்டும் சொன்னேன். கொஞ்சம் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு அறுபது பேர் இருக்கலாம். தம்பி தோளிலிருந்து துண்டை எடுத்து, மடித்து, தட்டில் வைத்துக் கொடுத்தான். நான் போட்டுக்கொண்டேன். எனக்கு என்ன வேட்டி துண்டா இல்லை? முறை என்று ஒன்று இருக்கிறது.

மறுநாள் காலையில் வந்து அவனுடைய உளிகளை மட்டும் எடுத்துச் சாக்கில் கட்டிக்கொண்டு போய்விட்டான். அந்தத் தீபாவளிக்கு என் வீட்டுக்காரி செண்பகம் மூலமாக அவனுக்குப் புது வேட்டி கொடுத்து அனுப்பினேன். அவன் அதைக் கட்டவில்லை என்று கேள்விப்பட்டேன். சொல்லுங்கள், யார்மேல் தப்பு?

செண்பகத்திடம் கேட்டால் வேறு சொல்வாள். அவள் சமையல்கட்டில் இருக்கிறாள், கேட்க வேண்டாம்.

அடுத்த கேள்வி என்ன? இழைப்புளியா மெஷினா. இரண்டும் வேண்டும். மெஷின் வேகமாகச் சீவும், ஆனால் பார்க்காமல் சீவும். மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம்தான் இழைக்க வேண்டும். எதிர்ப்பக்கம் போனால் பிய்த்துக்கொண்டு வரும், பூனையை வால் பக்கமிருந்து தடவினது மாதிரி. கையில் இழைப்புளி இருந்தால் முதல் தள்ளிலேயே கை சொல்லிவிடும்.

பால்வண்ணம் வந்தது தம்பி போன அடுத்த வருஷம். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் டெஸ்டர் வைத்துப் பார்த்தால்தான் நம்புவார். அவர் மனைவி வடிவம்மாள் டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகும் நம்ப மாட்டார்கள். வைகாசியில் நிலை வைக்க முகூர்த்தம் குறித்துவிட்டார்கள். நான் முதல் தடவையாகச் செங்கோட்டைக்குப் போனேன். மரவாடிக்காரர் என்னைப் பார்த்ததும் கேட்டது, தம்பி வரலையா என்று. எனக்கு அது பிடிக்கவில்லை. நிலைக்கு வேண்டிய சட்டங்களைக் காட்டுங்கள் என்றேன். வெளிநாட்டுத் தேக்கு, ஏற்கெனவே அறுத்து அடுக்கியிருந்தது. நாலு சட்டம் எடுத்தேன். இதுதான் அடி என்று அவர் ஒரு முனையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். போட வேண்டாம் என்றேன். போட்டுவிட்டார்.

பட்டறைக்கு வந்தபோது கோடை மழை. சட்டங்களை அவசரமாக உள்ளே இழுத்துப் போட்டோம், நானும் செண்பகமும். சாக்பீஸ் கோடு மழைக்கு நிற்குமா? நிற்காது. அதனால் என்ன? நாற்பது வருஷம் மரத்தோடு புழங்குகிறவனுக்குக் கோடு எதற்கு? பார்த்தால் தெரியாதா? நான் பார்த்தேன். வலது கால் சட்டத்தைப் பார்த்தேன், தெரிந்தது. இடது கால் சட்டத்தையும் பார்த்தேன். நன்றாகத்தான் பார்த்தேன். இரண்டு நாள் பார்த்தேன். அதற்கு ரேகை நேராக ஓடியது, நேர் ரேகையில் அடி நுனி யாருக்கும் சட்டென்று பிடிபடாது, அவ்வளவுதான். அப்புறம் முகூர்த்தத்துக்கு நாள் இல்லை, அளந்து வெட்டிவிட்டேன்.

கழுந்தா, ஸ்குருவா? கழுந்துதான் சார். இதிலென்ன கேள்வி. ஒரு சட்டத்தின் முனையை நாக்கு மாதிரி சீவி இன்னொரு சட்டத்தின் துளைக்குள் இறக்குவதுதான் கழுந்து. இறுக்கமாக இருக்க வேண்டும், ஆனால் சம்மட்டி கேட்கக் கூடாது. மரக் கொட்டாப்புளியால் நாலு தட்டுக்கு இறங்க வேண்டும். அதற்குக் குறுக்கே மூங்கில் ஆணி ஒன்று. பசை கொஞ்சம் தடவலாம், ஆனால் பசையை நம்பி மூட்டுப் போடுகிறவன் ஆசாரி இல்லை, போஸ்டர் ஒட்டுகிறவன். பால்வண்ணம் வீட்டு நிலையில் நான் போட்ட மூட்டைப் பிரித்தபோதுகூட முனை சிதையவில்லை. எல்லோரும் பார்த்தார்கள். அதைப் பற்றி டீக்கடையில் ஒருவன் பேசுவதில்லை.

நிலை வைத்தோம். மரியாதை வாங்கிக்கொண்டேன். தூக்குக்குண்டைப் பிடிக்கக் கொத்தனாரின் சித்தாள் ஒருத்தி நின்றாள். ஆவணியில் பால் காய்ச்சினார்கள். ஐப்பசி மழையில் கதவு உப்பிக்கொண்டு நிலையோடு இறுகிவிட்டது. அது என் தப்பு இல்லை. உங்களுக்கும் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். கதவுக்குப் பாலிஷோ வார்னிஷோ பெயிண்டோ எதை அடித்தாலும் ஆறு பக்கமும் அடிக்க வேண்டும். முன்னால், பின்னால், இரண்டு ஓரம், தலை, அப்புறம் தரையைப் பார்த்த அடி விளிம்பு. அந்த அடி விளிம்பை யாரும் அடிப்பதில்லை, கண்ணுக்குத் தெரியாது என்று. தண்ணீர் அங்கேதான் குடிக்கும். முதலில் உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, தூசி துடைத்து, ஒரு கை அடித்து, காய்ந்த பிறகு மறுபடி தேய்த்து இரண்டாம் கை. நான் கதவை மாட்டின பிறகுதான் வார்னிஷ் அடித்தேன், அதனால் அடி விளிம்புக்குப் பிரஷ் போகவில்லை. அது வேறு.

கதவு இறுகினது பால்வண்ணத்துக்குக் கஷ்டமாக இல்லை. தோளால் இடித்துத் திறந்துகொண்டிருந்தார். ஆனால் வடிவம்மாள் ஒருநாள் மழை ஈரத்தில் வாசல் படியில் வழுக்கி விழுந்து, மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டார்கள். அதே வாரம் மருமகள் கோபித்துக்கொண்டு ராஜபாளையத்துக்குப் போய்விட்டாள். அதே வாரம் பார்க்க வந்த வடிவம்மாளின் தம்பி ஒருவர் சாப்பிட்டுவிட்டு வாசலில் நின்று பல் குத்திக்கொண்டே இடது காலைத் தடவிப் பார்த்து, "அக்கா, இந்தக் காலு தலைகீழா நிக்க மாதிரில்ல தெரியுது" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார். அவருக்கு என்ன வேலை தெரியுமா? முட்டை வியாபாரம்.

முட்டை வியாபாரி சொன்னதை வைத்து வடிவம்மாள் அந்த வாசல் வழியாகப் போகவர மாட்டேன் என்றுவிட்டார்கள். ஒரு மாதம் பின்வாசல் வழியாகத்தான் நடமாட்டம். கோயிலுக்குப் போவதென்றாலும் மாட்டுத் தொழுவத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஊர் முழுக்கப் பேச்சு. எனக்கு வர வேண்டிய இரண்டு வீட்டு நிலை வேறு ஆசாரிக்குப் போனது. பால்வண்ணம் எனக்கு ஆள்மேல் ஆளாகச் சொல்லியனுப்பினார். நான் போகவில்லை. வைத்த நிலை சரி, வந்து பார்க்க அதில் ஒன்றும் இல்லை என்று சொல்லியனுப்பினேன். கடைசியில் அவர் என்ன செய்தார் தெரியுமா? டெஸ்டர் வைத்துப் பார்க்கிற புத்தி. சங்கரலிங்கத்தைக் கூப்பிட்டுவிட்டார். கார்த்திகை மாதம் ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு உம்ம தம்பி வந்து பார்க்கிறான், நீரும் வந்து நில்லும் என்றார். அவன் தப்பு என்று சொன்னால் நிலையை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்துத் தர வேண்டும், சரி என்றால் இத்தோடு பேச்சில்லை.

நிலையை எடுப்பது என்றால் உங்களுக்குப் புரிகிறதா? ஒரு ஆசாரி வைத்த நிலையை எடுத்தால் அதற்கப்புறம் அவனை யாரும் நிலை வைக்கக் கூப்பிட மாட்டார்கள். நாற்காலி செய்யலாம், அலமாரி செய்யலாம், கோழிக்கூண்டு செய்யலாம். நிலை கிடையாது.

செண்பகம் அன்றைக்குக் காலையில் என்னிடம் சொன்னாள், அவன் என்ன சொன்னாலும் வாயைத் திறக்காமல் கேட்டுவிட்டு வந்துவிடுங்கள் என்று. நான் சரி என்றேன். சரி என்று சொன்னதும் அவளுக்குச் சந்தேகம் வந்து, கூட வரட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன்.

போனேன். தெருவில் நல்ல கூட்டம். வடிவம்மாள் மாவுக்கட்டுக் கையோடு வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தம்பி எனக்கு முன்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தான். இரண்டு வருஷம் கழித்துப் பார்க்கிறேன். கன்னத்தில் கொஞ்சம் நரை. என்னைப் பார்த்து, "வாண்ணே" என்றான், அவன் வீட்டுக்கு நான் வந்த மாதிரி.

இடது காலின் முன்னால் போய் நின்றான். மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தான். உள்ளங்கையை வைத்து ஒரு தடவை இறக்கினான். குனிந்து படிப்பக்கம் பார்த்தான். அவ்வளவுதான் சார். ஒரு பீடி பிடிக்கிற நேரம்கூட இல்லை. நான் இரண்டு நாள் பார்த்தேன் அந்தச் சட்டத்தை. திரும்பி நின்று சொன்னான்:

"அண்ணன் வச்சா சரியாத்தான் இருக்கும்."

பால்வண்ணம் என் கையைப் பிடிக்க வந்தார். காப்பி போடச் சொல்லிக் குரல் கொடுத்தார். அப்படியே விட்டிருந்தால் நான் காப்பி குடித்துவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். டீக்கடையில் பேச்சு இருந்திருக்காது. நீங்களே யோசியுங்கள் சார். கால் சரியாக இருக்கிறது என்று சொன்னானா? இல்லை. அண்ணன் வைத்தால் சரியாகத்தான் இருக்கும் என்றான். மரத்தைப் பார்த்துச் சொன்ன சொல்லா அது? என்னைப் பார்த்துச் சொன்ன சொல். பந்தியில் கடைசியில் உட்கார்ந்தவனுக்குக் கரண்டியை வழித்துப் போடுவார்களே, அப்படி. அதுவும் தலையைக் குனிந்துகொண்டு.

"எதை வச்சுலே சொல்லுதே?" என்று கேட்டேன்.

"பாத்துட்டுத்தானே சொல்லுதேன்."

"வார்னிஷுக்கு மேல என்னத்தைப் பாத்தே? ரேகை தெரியுதா உனக்கு?"

அவன் கிட்டே வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "விடுண்ணே" என்றான்.

விடு என்றால் என்ன அர்த்தம்? எதை விடுவது? நான் தெருப்பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னேன். "அவன் பொய் சொல்லுதான். கால் தலைகீழாத்தான் நிக்கி. நான்தான் வச்சேன். நானே பேத்து எடுக்கேன்."

ஏன் சொன்னேன் என்று எல்லோரும் கேட்டார்கள். நீங்களும் கேட்கப் போகிறீர்கள். என் வேலையை நான் தப்பு என்று சொல்லலாம், சரி என்று சொல்லலாம். அது என் வேலை. அடுத்தவன் இரக்கப்பட்டு அதைச் சரி என்று சொல்லக் கூடாது. அதிலும் தம்பி சொல்லக் கூடாது. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

வடிவம்மாள் நாற்காலியை விட்டு எழுந்து, நான் சொன்னேனே, நான் சொன்னேனே என்று எல்லோரையும் பார்த்துச் சொன்னார்கள். நான் கடப்பாரை கேட்டேன். யாரும் கொடுக்கவில்லை. நானே பின்பக்கம் போய்த் தொழுவத்திலிருந்து எடுத்துக்கொண்டு வந்தேன். மேலே கான்கிரீட் இருக்கிறது, சுவர் விழாது. கதவைக் கழற்றி ஓரமாகச் சாத்தினேன். நிலையைச் சுவரோடு பிடிக்கிற இரும்புப் பட்டை ஆறு. ஒவ்வொன்றையும் சுற்றிப் பூச்சை உடைத்து வெளியே எடுத்தேன். வெள்ளையடித்து நாலு மாதம்கூட ஆகாத சுவர். எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒருவன், "கோமதி மாமா, வந்ததுதான் வந்தீரு, வீட்டையும் ரெண்டடி தள்ளி வச்சிரும், எங்களுக்குக் காத்து வர மாட்டேங்கு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஐந்து பட்டை போனதும் நிலை ஆட்டம் கொடுத்தது. ஆறாவதை விட்டால் மொத்த நிலையும் தெருப்பக்கம் சாயும். ஒற்றை ஆள் தாங்க முடியாது. நான் முதுகைக் கொடுத்துச் சமாளிக்கலாம் என்றுதான் இருந்தேன். பார்த்தால் மேல் சட்டத்தில் இரண்டு கை இருக்கிறது. நான் கூப்பிடவில்லை சார். அதைத் தெளிவாகச் சொல்கிறேன். யாரையும் கூப்பிடவில்லை. அவனாக வந்து பிடித்தான். நான் ஆறாவது பட்டையை நெம்பினேன். இரண்டு பேரும் மெதுவாக இறக்கித் தெருவில் படுக்கவைத்தோம். மேல் மூட்டிலும் கீழ் மூட்டிலும் மூங்கில் ஆணியைத் தட்டி, இடது காலைத் தனியாகக் கழற்றினேன். கழுந்து அப்படியே புதுசு மாதிரி வந்தது.

சுவரைப் பார்த்த பக்கத்துக்கு யாரும் வார்னிஷ் அடிக்க மாட்டார்கள். அது வெறும் மரமாகத்தான் கிடக்கும். தம்பி காலைப் புரட்டி அந்தப் பக்கம் மேலே வரும்படி போட்டான். மாட்டுக்கு வைத்திருந்த வாளியிலிருந்து ஒரு கை தண்ணீர் அள்ளித் தெளித்துத் துண்டால் தேய்த்தான். உலர்ந்த மரத்தில் தெரியாத ரேகை ஈரத்தில் எழுந்து வரும். வந்தது. ஒன்றுக்குள் ஒன்றாகக் கோபுரம் கோபுரமாக. மரத்தில் அந்தக் கோபுரத்தின் உச்சி எந்தப் பக்கம் பார்க்கிறதோ அது நுனி. தம்பி விரலை வைத்துக் கீழிருந்து கோடு மாதிரி இழுத்துக்கொண்டே போனான். விரல் மேல் சட்டத்துப் பக்கம் போய் நின்றது.

பால்வண்ணம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "மேல பாத்துல்லா நிக்கி. சரியாத்தானே வே இருக்கு?"

நானும் பார்த்தேன். அவன் விரலை எடுத்துக்கொண்டு போகும்போதே பார்த்துவிட்டேன். கால் சரியாகத்தான் இருந்தது. வைகாசியிலிருந்து நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? சரியாக இருக்கிறது என்று. சொன்னேனா இல்லையா? அப்போது யார் சொன்னது சரி? நான் சொன்னது சரி. அதை ஒருவராவது ஒப்புக்கொண்டார்களா என்றால் இல்லை. தெரு முழுக்கச் சிரிப்பு. எதிர்வீட்டு மாடியில் ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"சரியா இருந்ததை எதுக்கு வே பேத்தீரு?" என்று பால்வண்ணம் கேட்டார். அவருக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. உடைந்த சுவரைப் பார்த்தார், தெருவில் கிடந்த நிலையைப் பார்த்தார்.

"சந்தேகத்தோட ஒரு நிலை நிக்கக் கூடாது" என்றேன். நல்ல பதில். இப்போது யோசித்தாலும் அது நல்ல பதில்தான். அன்றைக்கு எடுபடவில்லை.

தம்பி சிரிக்கவில்லை. அது எனக்கு என்னவோ போல இருந்தது. அவன் சிரித்திருந்தால் நான் கடப்பாரையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கழன்ற காலை எடுத்துத் துளைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றான். தட்டு என்று வாயால் சொல்லவில்லை. நான் கொட்டாப்புளியை எடுத்தேன். நாலு தட்டு. இறங்கியது.

கொத்தனார் வர மதியம் ஆகிவிட்டது. அதற்குள் நிலையைத் தூக்கி நிறுத்திவிட்டோம். முகூர்த்தம் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. வலது பக்கம் நான், இடது பக்கம் அவன். ஆப்பு வைத்து இறுக்கினேன். அவன் தூக்குக்குண்டை விட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். நூல் ஆடி நிற்கிற வரைக்கும் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் நூலைப் பார்த்தபடியே சொன்னான்:

"தெரியலைன்னா கேட்டிருக்கலாம்லாண்ணே."

நான் வாயில் ஆணி வைத்திருந்தேன். இரும்புப் பட்டைக்கு அடிக்க வேண்டிய ஆணி, நாலைந்து. வாயில் ஆணி இருக்கும்போது பதில் சொல்ல முடியாது. யாராக இருந்தாலும் முடியாது. ஒவ்வொன்றாக எடுத்து அடித்தேன். எப்போதையும்விட நிதானமாகத்தான் அடித்தேன். கடைசி ஆணி போவதற்குள் அவன் இடது பக்கம் முடித்துவிட்டு நகர்ந்து, சுவரோரம் குத்தவைத்துப் பீடி பற்றவைத்திருந்தான்.

கொத்தனார் ஓட்டைகளை அடைத்துப் பூசி முடித்தார். மரத்தின் வார்னிஷ் இல்லாத பக்கம் சுவருக்குள் போய்விட்டது. வெளியே பழையபடி வார்னிஷ், பழையபடி பளபளப்பு. இரண்டு காலும் ஒரே மாதிரி இருந்தன. கூட்டம் கலைந்துவிட்டது. பால்வண்ணம் களைத்துப்போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

வடிவம்மாள்தான் எழுந்து வந்தார்கள். வாசல் படிக்கு முன்னால் நின்று, மாவுக்கட்டுக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, இடது காலை ஏறஇறங்கப் பார்த்தார்கள். தண்ணீர் தெளித்ததையும் கோபுரத்தையும் அவர்களும்தான் பார்த்தார்கள். ஆனால் அப்புறம் கழற்றி மாட்டியிருக்கிறதே. மாட்டும்போது மாறிப்போயிருந்தால்? அது அவர்கள் முகத்தில் தெரிந்தது. முட்டை வியாபாரியிடம் கேட்கவில்லை. பால்வண்ணத்திடம் கேட்கவில்லை. மூத்த ஆசாரி நான் என்று என்னிடம்தான் கேட்டார்கள்.

"ஆசாரியாரே, இப்பம் சரியா நிக்கா? நான் உள்ள போலாமா?"

நான் காலைப் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன். ரேகை நேராக ஓடியது. வடிவம்மாள் ஒரு காலைத் தூக்குவதும் வைப்பதுமாக நின்றார்கள்.

அப்போது என் வாயில் ஆணி எதுவும் இல்லை.

"தம்பிகிட்ட கேளுங்க" என்றேன்.